குரங்குக்கு வாங்கிய ஏச்சு

"அண்ணை, உங்களுக்கு ஒரு பார்சல் இருக்கு. நான் இப்ப எங்க நிக்கிறன்?"

பொங்கல் முடிந்த கையோடு ஒரு காலை இப்படி ஒரு போன். பார்சல் கொண்டுவருகிறவர்தான் பேசினார். தான் எங்கே நிற்கிறார் என்று என்னைக் கேட்கிறார்!

அவரைக் குறை சொல்ல முடியாது. முள்ளியவளைக்கு அங்கால் இருக்கிற எங்கள் ஒழுங்கைக்குப் பெயர் கிடையாது. வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. போனில் இருக்கிற வரைபடத்தை நம்பினால் என் வீடு ஒரு குளத்துக்கு நடுவில் மிதக்கிறது. அதனால் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒரு மாடு போகிறது என்றார். என்ன நிறம் என்றேன். சிவப்பு, ஒரு கொம்பு மொட்டை என்றார்.

"அப்ப சரி தம்பி, அதுக்குப் பின்னால வாங்கோ. அது எங்கட வளவுக்குத்தான் வருது."

மாடு முன்னால் வந்தது. பார்சல் பின்னால் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு என் வியாதி தெரியும். போனில் விளம்பரம் பார்ப்பேன்... பார்த்தால் வாங்குவேன். கழுத்தில் மாட்டுகிற காற்றாடி வாங்கினேன் — தாடியைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. முட்டை அவிக்கிற மிஷின் வாங்கினேன் — அதற்குள் இப்போது உடுப்புக் கிளிப் இருக்கிறது. பத்துக் கிலோ தாங்கும் என்று சுவரில் ஒட்டுகிற கொக்கி வாங்கினேன். அது கொழுவிய என் சேட்டு, சட்டை ஒன்றைக்கூடத் தாங்கவில்லை. சேட்டுக்குள் நான் இருந்தேனா என்று கேட்காதீர்கள், இல்லை. இவையெல்லாம் அலுமாரிக்கு மேல் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த இடத்துக்கு என் மனைவி வைத்திருக்கிற பெயர் மியூசியம்.

ஆனால் இந்த முறை அப்படியல்ல. இது எனக்காக வாங்கியதல்ல. பக்கத்து வளவு ராணியக்காவுக்காக வாங்கியது.

ராணியக்கா என்னைவிட இளையவர். என்றாலும் ஒழுங்கை முழுவதற்கும் அவர் ராணியக்காதான். அவருடைய அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராணியக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்களைப் போலவே கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் பெற்றோர் கொண்டுவந்த மலையகத் தமிழ் உள்ளேயிருந்து புறப்பட்டு வரும். வந்தால் ஒழுங்கையில் நாய்கூடப் படலைக் கதவுக்குள் போய்விடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவருடைய கணவருக்குக் கொழும்பில் மேசன் வேலை. ராணியக்கா தனியாளாக வேலிக்கு அந்தப் பக்கம் கச்சான் போட்டிருந்தார். உங்களில் சிலர் நிலக்கடலை என்பீர்கள், எங்களுக்கு அது கச்சான். வருடத்துக்கு ஒருமுறை கையில் முழுதாகக் காசு பார்ப்பது அதில்தான். பார்சல் வரும்போது பிடுங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம் என்பது எங்களுக்கு. குரங்குகளுக்கு அன்றைக்கே அறுவடை.

பாலை மரத்தில் கூட்டமாக வந்து இருக்கும். ஆள் இல்லை என்று கண்டால் இறங்கும். ஒரு செடியைப் பிடுங்கும், இரண்டு காயைக் கடிக்கும், எறியும், அடுத்த செடி. தின்பதைவிட எறிவதுதான் கூட. ராணியக்கா விடிந்தால் பொழுதுபடும் வரை வரம்பில் இருந்து தகரம் தட்டிக்கொண்டிருந்தார்.

பிரச்சினை அதுவல்ல. செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய மகளுக்கு நிறைமாதம். தலைப்பிள்ளை. மாமியார் இல்லாத வீடு. அம்மா வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று மகள் போனில் அழுகிறாள்.

"அவளையும் பாக்கவேணும், கச்சானையும் பாக்கவேணும்" என்றார் ராணியக்கா ஒரு நாள், வேலிக்கு மேலால். "கண் ரெண்டு இருந்தென்ன அண்ணை, ஆள் ஒண்டுதானே."

நான் காவல் இருக்கிறேன் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் ஒரு நாள் இருந்தும் காட்டினேன். போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்... நல்ல வீடியோ. நிமிர்ந்தபோது இரண்டு வரிசைக் கச்சான் இல்லை, மத்தியானத்துக்குக் கட்டிவந்த பாண் இல்லை, ஒரு செருப்பும் இல்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், பகலில் வீட்டில் நிற்க மாட்டார். ஆக, ராணியக்கா போவதென்றால் குரங்கிடம் கச்சானைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கச்சானைக் காப்பதென்றால் மகள் தனியாக இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் விளம்பரம் வந்தது. குரங்கு என்று நான் வாயால்தான் சொன்னேன், போனுக்கு எப்படித் தெரிந்ததோ!

சோலர் குரங்கு விரட்டி. வெயிலில் தானே சார்ஜ் ஏறும். முன்னால் ஏதாவது அசைந்தால் சென்சர் கண்டுபிடித்துச் சத்தம் போடும். மூன்று வகைச் சத்தம். நாலாவது பொத்தானில் நாங்கள் விரும்பியதை நாங்களே பதியலாம். வீடியோவில் எந்த நாட்டுக் குரங்குகளோ, பொத்தானை அமத்திய உடனே வரிசையில் நின்று ஓடுகின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடர் போட்டேன்.

விலை? மனைவியும் அதைத்தான் கேட்டார்.

ஏழாயிரம் என்றேன்.

ஏன் ஏழு? தெரியாது. வாயில் அதுதான் வந்தது. உங்களில் எத்தனை பேர் வாங்கிய விலையை வீட்டில் அப்படியே சொல்கிறவர்கள்? கையை உயர்த்தாதீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு உயர்த்துங்கள்.

சரி, பெட்டியை உடைத்தோம். ஒரு கம்பு, கம்பின் நுனியில் கறுப்புப் பெட்டி, பெட்டிக்கு மேல் சின்னச் சோலர் தகடு, முன்னால் ஸ்பீக்கர். கச்சானுக்கு நடுவில் நானே நட்டேன். ராணியக்கா பார்த்துக்கொண்டு நின்றார். மீன்காரச் சிவாவும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார், கொக்கிளாயிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவர். பாலை மரத்தில் குரங்குகளும் தயார். இவ்வளவு சனம் பார்க்க நான் மேடையேறியது என் கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

முதலாவது பொத்தான். நாய்! நல்ல கம்பீரமான நாய். குரங்குகள் அசையவில்லை, ஆனால் ஒழுங்கையிலிருந்த அத்தனை நாயும் ஓடிவந்து அந்தப் பெட்டியை முகர்ந்து பார்த்தன. ஒன்று காலையும் தூக்கியது.

இரண்டாவது பொத்தான். ஒரு பெரிய உறுமல். அது சிங்கமா புலியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நான் விரும்பவுமில்லை. குரங்குகளும் கருத்து எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது பொத்தானில் ஏதோ ஒரு சின்னப் படம் கீறியிருந்தது. என் மூக்குக்கண்ணாடி வீட்டில். என்னவென்று பார்க்காமல் அமத்தினேன்.

துவக்கு வெடி. விட்டு விட்டு அல்ல, தொடர்ந்து.

அடுத்தது என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. ஏனென்றால் என் முகம் மண்ணுக்குள் இருந்தது. பொத்தானை அமத்தியது நான், சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று தெரிந்தவன் நான்... முதலில் விழுந்து படுத்தவனும் நான்தான்! கை இரண்டும் தலைக்கு மேல். யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

சத்தம் ஓய்ந்தது. தலையை மெல்லத் திருப்பினேன். ராணியக்கா அடுத்த வரிசையில் குப்புறப் படுத்திருந்தார். சிவா மோட்டார் சைக்கிளுக்கு அடியில். மீன் பெட்டி சரிந்து சூடை மீனெல்லாம் மண்ணில். மூன்று பேரும் கச்சான் இலைகளுக்குக் கீழால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் எழும்பவில்லை.

மேலே பார்த்தேன். குரங்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சில கொப்பு மாறி, எங்களைப் பார்க்க வசதியான இடத்தில் இருந்தன. இந்த மனிசர் ஏன் படுக்கிறார்கள் என்று அவற்றுக்கு விளங்கவில்லை.

"அதுகள் சண்டைக்குப் பிறகு பிறந்ததுகள் அண்ணை" என்றார் ராணியக்கா, படுத்தபடியே.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிவாவாகத்தான் இருக்கும். பிறகு மூன்று பேருக்கும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர வர, மண்ணில் கிடந்து சிரித்தோம். ராணியக்கா விழுந்த இடத்தில் ஒரு கோரைப்புல்லைக் கண்டு, அதையும் பிடுங்கிக்கொண்டுதான் எழும்பினார். மூன்றாவது பொத்தானுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். மண் புரண்ட சூடை முழுவதையும் நானே வாங்கவேண்டி வந்தது. சிவா விலையில் கழிவு எதுவும் தராமல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் இருந்தது நாலாவது பொத்தான்.

முதலில் என் குரலைப் பதிந்தோம். தொண்டையைச் செருமி, "டேய், ஓடுங்கடா" என்றேன். அதைப் போட்டுக் காட்டினோம். இரண்டு குரங்கு கீழே இறங்கி வந்தது, கேட்பதற்கு. பிறகு ராணியக்காவைப் பேசச் சொன்னேன். பெட்டியின் முன்னால் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற குரலில், குரங்குகள் தயவுசெய்து கச்சானைச் சேதப்படுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாள் முழுக்கத் தகரம் தட்டித் திட்டுகிற மனுசிக்குப் பெட்டியைக் கண்டதும் மரியாதை வந்துவிட்டது!

இது சரிவராது என்று நான் கம்பைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராணியக்காவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

"சரி அண்ணை, எனக்காகத்தானே வாங்கினனீங்கள். பாதிக் காசு நான் தாறன். உண்மையா என்ன விலை?"

பாதியைத் தருகிறேன் என்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது? ஏழு என்று சொன்னால் எனக்கு நட்டம். சுற்றிப் பார்த்தேன். மனைவி பள்ளிக்கூடத்தில். சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்தது மலையகத் தமிழ்.

"பதினாறாயிரத்து ஐந்நூறா? என்னாண்ணே, ஒங்களுக்கு என்னா பைத்தியமா? இந்த ஒத்த டப்பாவுக்கா? குனிஞ்ச முதுகு நிமிராம கச்சான் ஆஞ்சாலும் இந்தக் காசு பாக்க எத்தன நாளாவும் தெரியுமா? வூட்டுல அக்காவுக்குத் தெரியுமா இது?"

தலையைக் குனிந்தேன். குனிந்தபோதுதான் கண்டேன் — பெட்டியின் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பைப் பிடித்த கை நாலாவது பொத்தானிலேயே இருந்திருக்கிறது.

பதிந்துவிட்டது. முழுதாக.

நாங்கள் வரம்புக்கு வந்து நின்றோம். ஆள் விலகியதைக் கண்டு ஒரு பெரிய கடுவன் குரங்கு இறங்கியது. பின்னால் மற்றவையும். சென்சர் கண்டது. பெட்டி திறந்தது வாயை.

"பதினாறாயிரத்து ஐந்நூறா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை! கடுவன் வேலியைப் பாய்ந்தது. ஒரு தாய்க்குரங்கு குட்டியை விட்டுவிட்டே ஓடியது, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி வந்து தூக்கிக்கொண்டு மறுபடி ஓடியது. பாலை மரம் காலி. இத்தனை நாளும் அவை அஞ்சியது தகரத்துக்கல்ல, தகரத்தோடு சேர்ந்து வந்த அந்தக் குரலுக்குத்தான் என்று அப்போது விளங்கியது. நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம்.

பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்தப் பெட்டி இனி நாள் முழுவதும், ஒழுங்கை முழுவதற்கும் கேட்க, என் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் நின்று, விலையைச் சொல்லப் போகிறது. மனைவி வீட்டுக்கு வரும் நேரம் இரண்டு மணி.

அழித்துவிட்டுத் திரும்பப் பதிவோம் என்றேன். விலை மட்டும் வேண்டாம், மற்றபடி எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கோ என்று கெஞ்சினேன். பழையதை அழிக்கமுதல் ஒத்திகை பார்த்தோம். ராணியக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் ஓடர் போட்டால் வருகிற சாமானா? நான் என்னென்னவோ சொல்லிச் சீண்டிப் பார்த்தேன். இதற்கு முன் வாங்கிய காற்றாடியின் விலையைக்கூடச் சொன்னேன். அவர் இன்னும் கூடச் சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய போன் அடித்தது. மகள். வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்புக் குறைந்த மாதிரி இருக்கிறதாம், நாளைக்கே வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கச் சொல்லிவிட்டார்களாம். ராணியக்கா கேட்டுக்கொண்டே கச்சானைப் பார்த்தார். பாலை மரத்தைப் பார்த்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பின் தடம்கூட இல்லை.

"அண்ணை... அந்த ஏச்சை அழிச்சுப்போட்டியளே?"

என் விரல் அழிக்கிற பொத்தானில்தான் இருந்தது.

"இல்லை" என்றேன். "அது நிக்கட்டும். நீங்கள் காலமைப் பஸ்சுக்குப் போங்கோ."

மனைவி இரண்டு மணிக்கு வந்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வழக்கம் போல வேலியடிக்கு வந்து நின்றார். ஒரு கொக்கு கச்சானுக்குள் இறங்கியது. சாதாரணக் கொக்கு, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதது. பெட்டி கேட்டது: பதினாறாயிரத்து ஐந்நூறா? கொக்கு எழும்பிப் பறந்தது. எனக்குப் பறக்க வசதியில்லை. பெட்டி கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தது. வூட்டுல அக்காவுக்குத் தெரியுமா இது?

மனைவி உள்ளே போனார். என் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். வாயில் வைத்தேன்.

"சீனி போடேல்லை" என்றார். "ஒன்பதாயிரத்து ஐந்நூறு இருக்குத்தானே, மிச்சம் பிடிக்க."

அடுத்த மூன்று வாரமும் இந்த ஒழுங்கையில் நான் எப்படித் தலைகாட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? காற்றுக்குச் செடி அசைந்தால் ஏச்சு. மயில் வந்தால் ஏச்சு. குரங்கு போய்விட்டதா என்று நான் பார்க்கப் போனால் எனக்கே நேருக்கு நேர் ஏச்சு. சிவா மீன் விலை சொல்லி நான் பேரம் பேசினால், ஒங்களுக்கு என்னா பைத்தியமா என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது அந்த ஐந்நூறை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு போயின. ஆனால் கச்சானில் ஒரு செடி? ஒன்றுகூடப் போகவில்லை!

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ராணியக்காவின் போன். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். இதைச் சொல்லி மூச்சுவிடமுதல், குரங்கு வந்ததோ என்று கேட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, கச்சானுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினேன். பெட்டி தன் வேலையைச் செய்தது. அந்தப் பக்கம் வீறிட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தியது. பக்கத்துக் கட்டில்காரரெல்லாம் சிரித்தது கேட்டது. யாரோ ஒருவர் அந்த அண்ணன் யார் என்றும் கேட்டார்.

பிடுங்கும் நாளுக்கு ராணியக்கா வந்து சேர்ந்தார். கொழும்பிலிருந்து கணவரும் வந்தார். பாதிக் காசை நான் வாங்க மறுத்தேன், ராணியக்கா ஒரு சாக்குக் கச்சானைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சாக்கு என்றால் உரச் சாக்கு. நாங்கள் அவித்தும் வறுத்தும் தின்றுகொண்டிருக்கிறோம். மனைவி சீனியும் போடத் தொடங்கிவிட்டார், அரைக் கரண்டி.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். காசு கொடுத்து வாங்கிய நாய் உதவவில்லை, உறுமல் உதவவில்லை, துவக்கு எங்களைத்தான் படுக்க வைத்தது. கடைசியில் வேலை செய்தது வேலிக்கு அந்தப் பக்கத்தில் சும்மா கிடைக்கிற ஒரு குரல். அதைப் போட்டு வைக்க எனக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு டப்பா தேவைப்பட்டது. இருந்தாலும் சொல்கிறேன், என் வாழ்நாளில் ஒன்லைனில் வாங்கியவற்றுள் மியூசியத்துக்குப் போகாத ஒரே பொருள் இதுதான்.

ஓம், போகவில்லை. கச்சான் முடிந்தவுடன் ராணியக்கா அதைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். மனைவி வாங்கினார். நேராகக் கொண்டுபோய், நான் இருந்து போன் பார்க்கிற கதிரைக்கு மேல், யன்னல் கம்பியில், வெயில் படுகிற மாதிரி கட்டிவிட்டார். பழைய பதிவு அப்படியே இருக்கிறது. நான் போனை எடுக்கக் கையை நீட்டினால் போதும், சென்சர் கண்டுபிடித்துவிடும். பைத்தியமா என்று கேட்கும். எத்தன நாளாவும் தெரியுமா என்று கேட்கும். கடைசியில், வூட்டுல அக்காவுக்குத் தெரியுமா இது என்றும் கேட்கும்.

குசினி அடுப்படியிலிருந்து பதில் வரும்: "தெரியும்."